நான் வெட்டிய ஏழாம் வாசகம்

1997 ஓகஸ்ட் 5, செவ்வாய்

கனடிய ஃபுட்போல் கழகத்தின் புதியவர் தெரிவில் முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் என் மகன் ஜஸ்ரினுடையது. பதினேழு வயது என்பதால் தகப்பனின் ஒப்பம் வேண்டும். படிவத்தை இருமுறை வாசித்தேன். ஏழாம் வாசகம்: கழகத்தின் கவனயீனத்தால் நேரும் காயத்துக்கும் கழகம் பொறுப்பல்ல. கவனயீனத்துக்குமா? குறுக்கே கோடிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து அனுப்பினேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு ஆண்டுகள் சட்டத்தரணியாக இருந்தவன் வேறென்ன செய்வான்?

ஓகஸ்ட் 12, செவ்வாய்

படிவம் திரும்பி வந்தது. மார்க்கம் நகரில் நான் வேலைசெய்யும் காப்புறுதிக் கந்தோருக்குப் பயிற்றுநர் தொலைபேசி எடுத்தார். முதல் ஆட்டத்திலேயே ஜஸ்ரினை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பாக்காக இறக்க விரும்புகிறாராம். வெட்டாத படிவம் வரும்வரை முடியாதாம். மகனிடம் நானே சொல்வதாகக் கூறினேன்.

அப்போது என் மேசையில் திறந்து கிடந்தது, விளையாட்டில் கழுத்தெலும்பு முறிந்த ஒருவரின் காப்புறுதிக் கோவை. வயது பத்தொன்பது.

ஓகஸ்ட் 13

சொல்லவில்லை.

ஓகஸ்ட் 23, சனி

முதல் ஆட்டம். ஜஸ்ரின் மாற்று வீரர்களின் வாங்கிலேயே இருந்தான். மாலையில் என் மனைவி செலீனின் தம்பி செல்வரட்ணம் வந்தான்.

"முதலாவதா எடுத்த பெடியனை வாங்கில இருத்திக் குஞ்சு பொரிக்கப் போறாங்களோ, அத்தான்?"

"ஒரு வருஷம் இருந்து பாக்கிறது நல்லது. நானும் சீனியருக்குப் பின்னால மூண்டு வருஷம் ஃபைல் தூக்கினனான்."

"அதுதான் இன்னும் தூக்கிறியள்!"

செலீனும் சிரித்துவிட்டாள். ஜஸ்ரின் சிரிக்கவில்லை. நான் கூறியது நியாயமான வாதமே. ஆனால் அவன் வாங்கில் இருந்ததற்குக் காரணம் அதுவல்ல.

செப்ரெம்பர் 6, சனி

மூன்றாம் ஆட்டமும் தோல்வி. காரில் ஜஸ்ரின் கேட்டான்: "அப்பா, நான் அவ்வளவு மோசமோ? கோச் என்னை நேராப் பாக்கிறாரே இல்லை."

கெனடி வீதியில் சிவப்பு விளக்கு. சொல்லலாம் — சொன்னால் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டால், பந்தைக் கையில் வைத்திருக்கும் அவனை விழுத்தப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். ஐயோ, நான் இப்ப என்ன செய்ய?

பச்சை விழுந்தது. "பொறுமையா இரு, தம்பி" என்றேன்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

ஜஸ்ரினுக்குப் பதினெட்டு. செலீன் கேக் வெட்டக் கத்தி எடுக்கப் போன நேரத்தில் என் முன் இரண்டு தாள்களை வைத்தான். ஒன்று புதிய படிவம். மற்றது நான் வெட்டியதன் பிரதி. ஓரத்தில் என் சுருக்கொப்பம். பயிற்றுநர் கொடுத்தாராம். என் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

"வாசிச்சுப்போட்டு ஒப்பம் வை, தம்பி."

"நீங்கள் வாசிச்சது காணும், அப்பா."

ஒப்பமிட்டான். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. தாளை என் பக்கம் தள்ளினான்.

ஏழாம் வாசகத்தை இன்னொருமுறை வாசித்தேன். பிறகு முழுப் பெயரையும் எழுதினேன்.

நாளை ஒஷாவாவில் ஆட்டம். மாமன் செல்வரட்ணம் கூட்டிப் போகிறானாம்.

செப்ரெம்பர் 13, சனி

முதல் பந்து ஜஸ்ரினின் கையிலிருந்துதான் போனது. தனியாகப் போய், தரிப்பிடத்தில் என் காருக்குள் இருந்தே பார்த்தேன். கண்ணாடியை இறக்கவில்லை.