இறக்கத்தில் நியூட்ரல்

எனக்குப் பிறகு பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட என் தம்பி தாசுக்கு,

உன் வருஷப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. பங்குச் சாமியார் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். நாலும் வேறு யாரையோ பற்றியவை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உன்னோடு லாரி ஓட்டியவர்கள் பேனர் வைத்திருக்கிறார்கள். கூலிங் கிளாஸ் போட்ட உன் படம், அதன் கீழே 'பழுதறியா ஓட்டுநர்' என்று தங்க எழுத்து. அதைப் பார்த்து நின்றபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதுவது, அதையும் நாலு பேர் படிக்கும்படி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

உன் கார் கெட்டுப்போன கதை உனக்குத் தெரியாது. சொல்கிறேன், கேள்.

முப்பது வருஷம் அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றியவன் நீ. சர்க்கரை உன் இடது பாதத்தை எடுத்துக்கொண்டதும், கிளட்ச் மிதிக்க வேண்டாத கார் ஒன்றைத் தேடிப் பிடித்தாய். அப்போதே அது பழைய வண்டி. பிறகு கண்ணும் மங்கியதும், தையல் கடையில் உட்கார்ந்திருந்த என்னை, அறுபத்தொரு வயதில், இழுத்துப்போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாய். "ரெண்டே பெடல்க்கா. ஒன் தையல் மிஷின விட சுளுவு" என்றாய். அது மட்டும் உண்மை.

இன்றைக்கு என் பிழைப்பே அந்தக் காரில்தான் இருக்கிறது. பள்ளிச் சீருடைத் துணியை வெட்டி, அரியலூர் ரோட்டோரம் உள்ள ஊர்களில் பதினோரு பெண்களுக்குக் கொடுத்து, தைத்ததை வாங்கி வருகிறேன். பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று சொல்கிற புத்திசாலிகள் ஒருநாள் என்னோடு வர வேண்டும். "ஏம்மா, கடையவே ஏத்துறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பான், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவான்.

ஐப்பசி மழையில் வண்டி வேலையைக் காட்டியது. மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மூன்று எண்ணுவதற்குள் யாரோ பின்னாலிருந்து முட்டியது போல ஒரு குலுக்கல், அப்புறம்தான் ஓடுகிறது. மேடு ஏறும்போது பின்னால் கல் லாரி ஹாரன் அடிக்க, நான் நடுரோட்டில் உறுமிக்கொண்டு நிற்பேன். உனக்கு அந்த அவமானம் நேர்ந்ததே இல்லை, இல்லையா?

நம் ஊர் மெக்கானிக்குகளைப் பற்றி என்ன சொல்ல? முதலாமவன் கதவைத் திறந்து காலடியில் எட்டிப் பார்த்தான்.

"கிளட்ச் பெடல எங்கம்மா கழட்டி வச்சிருக்கீங்க?"

"இந்த வண்டிக்கு அது கெடையாதுப்பா."

"அதான் இழுக்கல."

இரண்டாமவன் கொஞ்சம் படித்தவன் போலப் பேசினான். எஞ்சினை அணைத்து, கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, "ஆயில் ஃபுல்லா இருக்கும்மா" என்றான். நான் அதற்குள் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகப் படித்திருந்தேன். எட்டாவதோடு நின்றவள் ஆயிற்றே, ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆகும். எஞ்சின் ஓடும்போது, அதுவும் சூடான பிறகுதான் இந்த எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சொன்னேன்.

"ஓடுற எஞ்சின்ல எவனாவது ஆயில் பாப்பானா? நீங்க அந்தத் தையக்கார அம்மாதான?"

"தைக்கிறவதான். படிக்கவும் தெரியும். ஸ்டார்ட் பண்ணுப்பா."

பண்ணினான். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கடுங்காப்பி நிறம், துடைத்த துணியில் தீய்ந்த வாடை. தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னானா? "கியர் பெட்டியே போச்சும்மா, வண்டியத் தள்ளி வுட்டுருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான். தெரியாதவன் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாததைத் தீர்ப்பாகச் சொல்கிறவனைத்தான் தாங்க முடிவதில்லை.

கடைசியில் அரியலூரில் ஜமால் பாயைக் கண்டுபிடித்தேன். இருபது வருஷம் குவைத்தில் இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே பார்த்தவர். வண்டியைப் பார்த்ததுமே, "தாஸ் அண்ணன் வண்டியா? அவரு கை பட்ட வண்டி கெடாதே!" என்றார். வழியில் நிற்காதபடி எண்ணெயை அளவுக்கு ஊற்றிவிட்டு, பெட்டியைத் திறக்கும் முன்னால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க எப்பவும் போல ஓட்டுங்கக்கா. நான் கேட்டுக்கிட்டே வரேன்."

ஓட்டினேன். பெரம்பலூர் ரோட்டுப் பாலம் ஏறினோம், இறங்கினோம். இறக்கத்தில் என் இடது கை, என்னைக் கேட்காமலேயே, லிவரை நியூட்ரலுக்குத் தள்ளியது.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"எறக்கம். பெட்ரோல் மிச்சம்."

"யா அல்லா! ஓட்டத்துல நியூட்ரல் போட்டா உள்ள ஆயில் சரியாச் சுத்தாது. அப்பறம் அதே வேகத்துல மறுபடி ஓட்டுற கியரு, 'டி'-ல தட்டுறீங்க. ஒவ்வொரு தட்டுக்கும் பிளேட்டு தேயும், எரியும். லாரிக்காரன் பழக்கம்லக்கா இது? யாரு சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு?"

யார் சொல்லிக்கொடுத்தது தாசு? "எறக்கத்துல எஞ்சினுக்கு என்னக்கா வேல, அது செத்த மூச்சு வுடட்டும்" என்று அதே பாலத்தில் என் கையைப் பிடித்து லிவரைத் தள்ளிக் காட்டியது யார்? முப்பது வருஷ லாரிப் பழக்கத்தைக் கொண்டுவந்து இந்த வண்டியில் நடத்தியவன், அதைத் தொழில் ரகசியம் மாதிரி காதோடு சொன்னவன் யார்?

அந்தப் புத்தகத்திலும் இருந்தது. ஓடும்போது நியூட்ரலில் போடாதே என்று ஒரு முழுப் பத்தி. படித்தேன், புரிந்தும் இருந்தது. அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மெக்கானிக்கிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போட்டவள், உன் பேச்சுக்கு எதிராக மட்டும் அதை நம்பவில்லை.

ஜமால் பாயிடம், "நானாத்தான் கத்துக்கிட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அதற்கு அவர் சொன்ன பதிலையும் கேட்டுக்கொள். "அதான பாத்தேன். தாஸ் அண்ணன் உசுரோட இருந்தா இதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்திருப்பாரா?"

சென்னையிலிருந்து சாமான் வரவழைத்து, தேய்ந்த பிளேட்டுகளை மாற்றி, எண்ணெயும் மாற்றி, மூன்று வாரத்தில் வண்டியைத் தந்தார். இப்போது மிதித்தால் மறுபேச்சில்லாமல் ஓடுகிறது. ஆனால் நான்தான் வண்டியைக் கெடுத்தேன் என்ற கதையும் அதே வேகத்தில் ஓடியது. துணி வாங்க வருகிறவள்கூட, "தம்பிகிட்ட ஒழுங்காக் கத்துக்கிட்டு இருக்கக் கூடாதாக்கா?" என்கிறாள். எனக்கு எப்படி இருக்கும் சொல்?

பூசைக்கு வந்த உன் மகன் ஜெரால்டு காதுக்கும் அது போயிருக்கிறது. வண்டி இன்னும் உன் பெயரில் இருந்தது. அவன் கையெழுத்துப் போடாமல் என் பெயருக்கு மாறாது. பூசை முடிந்த கையோடு ஆரம்பித்தான்.

"அத்தை, பாடாலூர்ல ஒருத்தரு வண்டியக் கேக்குறாரு. நீங்க இனிமே ஓட்ட வேணாம். அப்பா அத எப்படி வச்சிருந்தாரு, நீங்க கியர் பாக்ஸையே எரிச்சிட்டீங்க."

"எப்படி ஓட்டணும்னு நீதான் காட்டேன்" என்று சாவியைக் கொடுத்தேன்.

பெருமையாக ஓட்டினான். தான் வேலை பார்க்கும் கார் கம்பெனி பற்றி, என் வயது பற்றி, ரோடு பற்றி எல்லாம் பேசிக்கொண்டே அதே பாலம் ஏறினான். இறக்கம் வந்தது. அவன் இடது கை லிவருக்குப் போனது. பேச்சு நிற்கக்கூட இல்லை. தள்ளிவிட்டான்.

"ஜெரால்டு, அத டி-ல போடாம அப்படியே ஓரமா உருட்டி நிறுத்து" என்றேன். நிறுத்தினான். "எறக்கத்துல நியூட்ரல் போட ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"அப்பா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் சின்னப் பிள்ளை முகம் போலாகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை, தாசு. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "அத்தை, இது வெளில தெரிய வேணாம். பேனர்லாம் வச்சிருக்காங்க. நீங்கதான் ஒங்க தப்புன்னு ஒத்துக்கிட்டீங்கள்ல, அப்படியே இருக்கட்டுமே. வண்டிய நீங்களே வச்சிக்குங்க."

அங்கேதான் எனக்கு வெறுத்துப்போனது. செத்தவனுக்குத் தங்க எழுத்து வேண்டும், அதற்கு உயிரோடு இருக்கிற கிழவி கரி பூசிக்கொள்ள வேண்டும், கூலியாகக் கார்! பையிலிருந்து பெயர் மாற்றும் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். நான் வாயே திறக்காததைச் சம்மதம் என்று அவனாக எடுத்துக்கொண்டான். வண்டி எனக்குப் பிழைப்பு, விட முடியாது. உண்மையையும் விட முடியாது. அவன் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வான். கோபிக்கட்டும். அடுத்த பூசைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: அந்தக் கியர் பெட்டியைத் தேய்த்தவன் என் தம்பி தாஸ். மிச்சத்தைத் தேய்த்தவள் நான். படித்தும் திருந்தாத என் பங்கு எனக்கு. உன் பங்கை நீயே வைத்துக்கொள், அதை இன்னொரு நாள்கூட நான் சுமக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி எந்த இறக்கத்திலும் என் கை லிவருக்குப் போகாது. கையை மடியில் போட்டுக்கொண்டு, பாலம் முடியும்வரை உன்னை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இறங்குவேன். என் கண் தெரிகிறவரை, வாரத்துக்கு மூன்று நாள், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. பேனரை மழை வந்தால் கழற்றிவிடுவார்கள்.

உன்னிடம் ஓட்டக் கற்றவள்,
உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
ஞானம்,
பெரம்பலூர்.