ஜெயித்தது நானா, டிப்பா?

1996 ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்று வருஷத்தில் முதல் முறையாக இன்று ஸ்நூக்கரில் மேலப்பாளையம் காதர் பாயை ஜெயித்தேன். ஆனால் சந்தோஷம் முழுசாக ஒட்டவில்லை. நான் பந்தை அடிக்கும் கோலின் தேய்ந்து கல்லாகிவிட்ட நுனிக்குப் போன வாரம் புதுத் தோல் டிப் ஒட்டித் தந்தவரே அவர்தான். துபாயிலிருந்து அவர் தம்பி அனுப்பியது. இருந்த ஒன்றையும் எனக்குக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கிளப்பில் ஒருவர், "சார் எங்க ஜெயிச்சாரு? டிப்புல்லா ஜெயிச்சுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"பாய், கோலை மாத்திக்கிடுவோம். இன்னொரு ஆட்டம் வாரும்" என்றேன்.

அவர் கோலின் டிப்பும் பழசுதான். இரண்டு முறை பந்தில் வழுக்கியது. வெள்ளைப் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியவில்லை. நேர் அடிகள் மட்டும் தப்பாமல் குழியில் விழுந்தன. நான்கு பாயிண்டில் தோற்றேன். வழக்கமாக நாற்பதில் தோற்பவன்.

பாய் என் கோல் நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டிப்பு நல்லாத்தான் வேலை செய்யுது வே. ஆனா இந்தப் பழசை வச்சே நாலு பாயிண்டுக்கு வந்துட்டீரே! தம்பிக்கு நாளைக்கே லெட்டர் போடுதேன். எனக்கும் ஒண்ணு வேணும்."

ஜெயித்ததைவிட, தோற்ற ஆட்டம்தான் இப்போது கண்ணில் ஓடுகிறது. குழி வாயில் நின்றுபோன அந்த ஐந்து பாயிண்ட் நீலப் பந்து மட்டும் விழுந்திருந்தால் அதையும் ஜெயித்திருப்பேன்.