'ரத்தக் குப்பம்' என்று பேர் வைத்தவர்களும் நானும்

மச்சி,

இன்று காலை தேனாம்பேட்டை சிக்னலில் பைக்கை நிறுத்தியபோது எதிர்ச் சுவரில் நீ இருந்தாய். பசைகூடக் காயவில்லை. உன் போட்டோவுக்கு மாலை போட்டு, கீழே கொட்டை எழுத்தில் 'ரத்தக் குப்பம்'. அதற்கும் கீழே, 'மறைந்த இயக்குநரின் ஒரே படம், மீண்டும் திரையில்'. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். பைக்கை ஓரங்கட்டினேன். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உன் சாவையும் விளம்பரத்தில் சேர்த்துவிட்டார்கள், பாவிகள்.

நீ வைத்த பேர் 'விடிகாலைக் கூடை'. பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்தில் உன் அம்மாவோடு மீன் விற்றவர்களின் கதை. நடித்ததும் அவர்கள்தான். மீன்காரி வேஷத்துக்கு ஒரு நடிகையைப் போடச் சொன்னபோது, "கூடைய தலையில தூக்கத் தெரியாதவங்கள வெச்சு நான் இன்னாத்த எடுக்கிறது?" என்று எகிறினாய். அம்மாவோடு மீன் விற்ற ரோசக்காவைக் கூட்டிவந்து நிறுத்தினாய். முதல் நாள் அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே பாதி நாளை ஓட்டினாள்.

ரிலீசுக்கு மூன்று வாரம் முன்னால், தி.நகர் ஆபீசில் தயாரிப்பாளர் சொன்னார்: "கூடை, மீனுன்னா எவன் சார் வருவான்? தியேட்டரே கிடைக்காது." புதுப் பேரை அவரே முடிவு செய்து வைத்திருந்தார். நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். வெளியே வந்து, "படம் வந்தா போதும் மச்சி, பாத்தா புரிஞ்சிக்குவாங்க" என்றாய். அன்றைக்கே உன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? எடிட்டர் நான். டிரெய்லரையும் நான்தான் வெட்டினேன். ரோசக்கா வஞ்சிரம் நறுக்கும் ஷாட்டில் மீனை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, ரத்தம் ஒழுகும் கத்தியையும் அவள் முகத்தையும் மட்டும் வைத்தேன். பின்னணியில் ஒரு அலறல். "செம்ம சார்" என்றார் தயாரிப்பாளர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெட்டுக்குத்து பார்க்க வந்த கூட்டம் இடைவேளைக்கு முன்பே "டேய், ஃபைட்டு எங்கடா?" என்று கத்தியது. அது போகட்டும். யாருக்காக எடுத்தாயோ அவர்கள் ஒருத்தர்கூட வரவில்லையே! குப்பத்துச் சுவரிலேயே அந்தப் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். "நம்ம வூட்டுப் புள்ளையே நம்மள கொலகாரிங்கனு போட்டுக்கீறான்" என்று கிழித்தெறிந்தார்கள். நாலாம் நாள் படத்தைத் தூக்கினார்கள். அதன்பிறகு நீ அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தெருவை விட்டு மணல் வழியாகச் சுற்றிப் போனாய்.

இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள், 'அருமையான படம், தப்பான மார்க்கெட்டிங்' என்று. அன்றைக்கு எங்கேடா போயிருந்தீர்கள்? இந்தத் தடவையாவது நீ வைத்த பேரைப் போடுங்கள் என்று தயாரிப்பாளருக்குப் போன் செய்தேன். "சென்சார் சர்டிபிகேட்டே அந்தப் பேர்லதான் இருக்கு சார். இப்பதான் அது ஜனங்க வாயில வந்திருக்கு, கெடுத்துடாதீங்க" என்றார். வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு வைத்தேன்.

பைக்கை எடுத்து நேரே குப்பத்துக்கு, ரோசக்காவிடம் போனேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த டிரெய்லரை வெட்டியது அவன் இல்லை, நான் என்று சொன்னேன். அவள் அடுத்த மீனை எடுத்து வைத்தாள். முழுப் படமும் போனில் இருக்கிறது, பாரக்கா என்று நீட்டினேன்.

"அந்தப் பேரு போட்ட படத்த நான் பாக்கமாட்டேன் நைனா."

நறுக்கிய துண்டுகளை அலசிக்கொண்டே அவளே கேட்டாள். "நான் நல்லா பண்ணேனா?"

"ரொம்ப நல்லா பண்ணக்கா."

"நீ அவன் கூட்டாளி. அப்டித்தான் சொல்லுவ."

தியேட்டர் நிறைய ஜனம் விசில் அடித்து அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் மச்சி அது. நான் ஒருத்தன் சொன்னால் அவள் நம்பவில்லை. அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.