அப்பாவுக்கு அரைவேக்காட்டு முட்டை வேண்டாம்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பவித்ராவுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். நீயும் உன் ஆறு கோழிகளும் பெர்த் குளிரில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போனை அப்பா எடுத்துப் படிப்பார், அதனால்தான். அடுத்த மாதம் அவர் உன்னிடம் வந்து மூன்று வாரம் தங்கப்போகிறார், எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள முடியாது. போன வாரம் நீ அவரிடம் "நம்ம வீட்டுக் கோழி முட்டைப்பா, காலையில போட்டது, அரைவேக்காடா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாயாம். அன்றிலிருந்து மனிதரின் கால் தரையில் இல்லை. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம், பொண்ணே சொல்லிட்டா லா" என்று தினம் இரண்டு தடவை என்னிடம் சொல்கிறார்.

பவி, அவருக்குச் சிறுநீரகம் மாற்றி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் அவருடைய எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைத்திருக்கின்றன. உனக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி அவரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். முட்டை புதிதாக இருப்பது வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு. கோழி எச்சமிடுவதும் முட்டையிடுவதும் ஒரே வழியில்தான். தண்ணீரில் போட்டேன், மூழ்கியது என்று சொல்லாதே, அது முட்டையின் வயதை மட்டும்தான் சொல்லும்.

நானும் தவறு செய்தவள்தான். என்னோடு வேலை பார்க்கும் ஜரீனா தன் தரைவீட்டின் பின்புறம் கோழி வளர்க்கிறாள், போன வருடம் பன்னிரண்டு முட்டை கொடுத்தாள். தேக்கா சந்தையிலிருந்து எது வந்தாலும் உடனே அலசி வைத்துத்தானே எனக்குப் பழக்கம், அத்தனையையும் பச்சைத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு அடுக்கிவிட்டேன். நான்கு நாறிப்போயின. "ஓட்டு மேல கோழியே ஒரு பூச்சு போட்டுத் தருது, அதைக் கழுவி விட்டுட்டு நாறுதுன்னா எப்படி வைதேகி?" என்று ஜரீனா சிரித்தாள். நான் நம்பாமல் தேடிப் படித்தேன், அவள் சொன்னது சரி. ஆகவே தினம் இரண்டு வேளை முட்டைகளை எடு, கூட்டில் வைக்கோல் உலர்ந்திருக்கட்டும், லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடை, விரிசல் விட்டதையும் ரொம்ப அசிங்கமானதையும் எறிந்துவிடு. பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்க ஃபிரிட்ஜின் உள்தட்டில் வை. அவிப்பதற்குப் பத்து நாள் பழையதை எடு, புதிதை உரித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும்.

அப்பாவுக்கு மஞ்சள் கருவும் கெட்டியாக வெந்தது மட்டும்தான். இதை நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வாதம் செய்வார், நீ சொன்னால் இரண்டாம் தடவை கேட்கமாட்டார்.

எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா. இருபது வருடம் கீழே காப்பிக்கடையில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகும் போட்டு உறிஞ்சிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். போன சனிக்கிழமை அங்கே எனக்கென்று ஒரு ஜோடி வாங்கினேன். அவர் கேட்காமலே தன் பக்கம் இழுத்து, ஓட்டுத்துணுக்கு ஒன்றுகூட விழாமல் உடைத்து, சோயா ஊற்றி, மிளகு தூவி, "சாப்பிடு, ஆறிடும்" என்று என் முன்னால் நகர்த்தினார். எனக்கு அது பிடிக்காது என்று உனக்குத் தெரியும். முழுதும் சாப்பிட்டேன். கடைசி வாய் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் உனக்கு வேண்டுமானால் நீ அரைவேக்காடாகச் சாப்பிடு, உடைக்கும் வேலையை அவரிடம் விட்டுவிடு. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்.

மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. உங்கள் ஊருக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான், சாக்குச் சொல்ல முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள், எல்லா நலனோடும் இரு.

அன்புடன்,
அம்மா

இதைப் படித்ததும் எங்காவது ஒளித்து வை. அவர் அங்கேயும் தேடுவார்.