எழுபது துடிப்பு

நாள் 203. காலை 06:10
செவ்வாய்க் கிரகம், வடமுனை நீர் நிலையம். பொறுப்பு: ஆவுடையப்பன், ஒரே ஆள். பனி உருக்கி ஓடுகிறது. வெந்நீர் பம்ப், நிமிடத்துக்கு எழுபது துடிப்பு.
எனக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. பூமியிலிருந்து என்னைக் கவனிக்கும் டாக்டர் ஸ்டெல்லா புஷ்பத்திடம் இதைச் சொல்ல மாட்டேன். அந்த அம்மாள் 'மனச்சோர்வு' என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த கப்பலில் என்னைக் கட்டி ஏற்றிவிடுவார்கள்.

நாள் 204. காலை 07:00
எனக்கு முன்பு இங்கே இருந்த ரெஜினால்டு ஒரு டப்பா மனச்சோர்வு மாத்திரை விட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. அவனுக்குக் கேட்டது எனக்குக் கேட்காதா? ஆரம்பித்துவிட்டேன்.
மணிக்கட்டுப் பட்டை என் நாடியையும் உடம்புச் சூட்டையும் பூமிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கோள்மூட்டி. கழற்றிப் பம்ப் அறையின் வெந்நீர்க் குழாயில் கட்டினேன். நாடி 70, சூடு 37. என்னைவிடக் குழாய் ஆரோக்கியம்.

நாள் 208. காலை 07:15
ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்ய வாரக்கணக்காகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. பொறுமை இருந்தால் நான் ஏன் மாத்திரை தின்கிறேன்? இரட்டிப்பாக்கினேன்.
டாக்டர்: "ஆவுடை, நாடி நல்லாருக்கு. ஆனா குரல்ல ஒரு சோர்வு தெரியுதே. மனசுவிட்டுப் பேசுங்களேன்."
என் பதில்: "உங்களுக்கு நாடிதான வேணும்? அதப் பாத்துக்கிடுங்க. எங்கிட்ட பேச வராதீங்க."

நாள் 211. காலை 11:30
வியர்வை, நடுக்கம். சளிக்காய்ச்சல்தான். இருமல் மருந்து குடித்தேன்.

16:40
கால் தானாக உதறுகிறது. நெஞ்சு படபடக்கிறது. இப்போதுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் இருமல் மருந்து கூடச் சேர்க்கக் கூடாதாம். முட்டாள். என்னைத்தான் சொல்கிறேன்.

17:05
டாக்டரைக் கூப்பிட்டேன்; இங்கிருந்து குரல் செய்தி மட்டும்தான் அனுப்ப முடியும், பதில் வர அரை மணி. பட்டை என் கையில் இல்லை என்று சொன்னேன். நாக்கு குழறி எனக்கே விளங்கவில்லை.

17:36
டாக்டர்: "ஒண்ணும் புரியல ஆவுடை, ஒரே இரைச்சல். நாடி எழுபது, சூடு முப்பத்தேழு. நல்லாத்தான் இருக்கீங்க. ரெஸ்ட் எடுங்க."
செய்தி இணைப்பு இனி ஒன்பது மணி நேரத்துக்கு இல்லை. பட்டையின் தகவல் மட்டும் எப்போதும் போகும். அதைக் கையில் கட்டிவிட்டால் என் நிஜ நாடி அவருக்குத் தெரியும், பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் அனுப்புவார். பம்ப் அறை முப்பது அடி. பயமாக இருக்கிறது.

18:20
பாதி தூரம் தவழ்ந்தேன். உடம்பு விறைக்குது. பம்ப் சத்தம் கேக்குது. டாக்டரம்மா நான் பொய் சொன்

நாள் 212. காலை 06:00. நிலையத்தின் தானியங்கிப் பதிவு
நாடி 70. சூடு 37. நலம்.

நாள் 219. காலை 06:00. தானியங்கிப் பதிவு
நாடி 70. சூடு 37. நலம்.
டாக்டர்: "ஆவுடை, இன்னும் கோவமா? நாடியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நல்லாருக்கு. பேசச் சொல்லி இனி தொந்தரவு பண்ணல."