மச்சம் விழுந்த துடுப்பு

பிப்ரவரி 4, சனி

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. உள்ளேயே உறைந்துவிட்டதாம். சுடுதண்ணீர் ஊற்றிய பிறகு இருமி இருமி வந்தது.

குன்னூரில் வாங்க: மண்ணெண்ணெய், சாக்பீஸ், ஜாக்கெட் ஊக்கு, இஞ்சி, துடுப்பு.

கடைசிச் சாமானுக்காகத்தான் பயணமே. என் வீட்டுக்காரர் சே. ஷேவ் செய்ய அரை மணி. எஸ்டேட் டீமுக்குக் கேப்டன் ஆனதிலிருந்து அவருக்குக் கண்ணாடி முன்னால் நேரம் கூடிவிட்டது. பத்தொன்பதாம் தேதி அரவேணு டீமோடு மேட்ச். போன தடவை நடு ஆட்டத்தில் நம்முடையது உடைந்து, அவர்களிடமே இரவல் வாங்கி ஆடித் தோற்றோம். "கப்பல் டீம் கவுந்திருச்சு" என்று சிரிப்பு. சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். வந்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் கப்பலை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

சாயங்காலம். கடையில் நடந்தது.

"கிரிக்கெட் துடுப்பு இருக்குங்களா?" என்று நான்தான் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"துடுப்புங்களா? அது ஊட்டி ஏரில படகு ஓட்டறவங்ககிட்டத்தானுங்க கேக்கோணும்."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிலோனில் ரேடியோவிலும் பள்ளிக்கூடத்திலும் பேட்டுக்குத் துடுப்பு என்றுதான் பேர். இங்கே அது படகுக்கு மட்டும். "பேட்டுங்க, பேட்டு" என்று சே. அவசரமாகத் திருத்தினார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

முதலில் எடுத்துப் போட்டது பால் வெள்ளை. "காஷ்மீர் வில்லோ மரமுங்க. ஒரு பொட்டு இருக்குதா பாருங்க." சே. முகத்தில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக் களை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நான் வாங்கித் திருப்பினேன். மரத்தின் வரிகள் நேராக இறங்காமல் ஓரத்துக்கு ஓடி மறைந்தன. லேபிளோ பந்து படுகிற வயிற்றில் ஒட்டியிருந்தது. அங்கே ஏன் ஒட்ட வேண்டும்? மூலையை நகத்தால் கிளப்பினேன். அடியில் கணு. கறுப்பாக, சுற்றிலும் வரிகள் சுழித்துக்கொண்டு. பையிலிருந்து பழைய பந்தை எடுத்துத் தட்டினேன். ஈரச் சுவரில் தட்டிய சத்தம்.

"ஏனுங்க, லேபிளக் கிழிக்க வேண்டாம்னு அம்மிணிகிட்டச் சொல்லுங்க." இது சே.யிடம். என்னிடம் நேராகப் பேச மாட்டாராம்.

மூலையில் ஒன்று சாய்ந்திருந்தது. ஒரு ஓரம் சிவப்பு. மேல் பாதியில் பழுப்பாக ஒரு மச்சம், வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி. ஆனால் வரிகள்? வகிடு எடுத்ததுபோல் கைப்பிடியிலிருந்து அடிவரை நேர். தட்டினால் பந்து துள்ளிக் கைக்கே வந்தது. தூக்கினால் கனம் கீழே இழுக்கவில்லை.

"அது கறை பட்டதுங்க. ஆரும் தொடறதில்ல."

"இதுதான்" என்றேன். கடைக்காரர் சே.யைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எப்படித் தெரியும் என்று பஸ்ஸில் சே. கேட்டார். அண்ணன் உடைத்த துடுப்பையெல்லாம் அடுப்புக்குப் பிளந்தவள் நான். மச்சம் இருந்த இடம் கத்திக்கு லேசில் அடங்காது. கணு இருந்ததோ, அடுப்புக்கு வருமுன்பே கணுவில் உடைந்திருக்கும். அண்ணனுக்கு அங்கே பிரஜாவுரிமை கிடைத்தது, எனக்கு இங்கே. ஆடுகிறவன் அந்தப் பக்கம், பிளந்தவள் இந்தப் பக்கம். இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். சே. ஜன்னலை மூடிவிட்டார், குளிர் காற்று என்று நினைத்து.

இந்த ஊரில்தான் இனிப் பிழைப்பு. இந்த நோட்டிலும் இனி பேட் என்றே எழுதுவதாக உத்தேசம்.

இஞ்சி மறந்துபோனது.

பிப்ரவரி 5, ஞாயிறு

நல்ல வெயில். சர்ச்சில் பூசை முடிந்ததும் டீம் முழுக்க நம் வாசலில். பேட் கை மாறிக் கை மாறிப் போனது. யார் முகத்திலும் ஈ ஆடவில்லை. லிங்கம்தான் வாயைத் திறந்தார். ஃபேக்டரியில் டிரையர் பார்ப்பவர், முதலில் இறங்கி ஆடுபவரும் அவர்தான்.

"என்னாங்க டீச்சர், பொண்ணு கறுப்புன்னாலும் சரிங்கலாம். மூஞ்சில மச்சத்தோடவா கூட்டியாந்திருக்கீங்க?"

சே. நழுவிவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார். "டீச்சர் பாத்து எடுத்தது. ஒடஞ்சா என்னையக் கேளுங்க."

மத்தியானம் இவருக்கு இரண்டு முட்டை.

பாத்திரம் கழுவும்போதுதான் பயம் பிடித்தது. பொதுப் பணத்தில் வாங்கியது. உடைந்தால் இவரையா கேட்பார்கள்? பொம்பளை பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்பார்கள். நான் அப்புறம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

உடையாது. மரம் நல்ல மரம்.

பிப்ரவரி 7, செவ்வாய்

மேகம். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி, மீதிப் பேருக்கு அதைப் பார்த்து இருமல்.

பேட்டுக்கு எண்ணெய். ஆளி விதை எண்ணெய், காய்ச்சாதது, பெயிண்ட் கடையில் வாங்கியது. துணியில் தொட்டு முகத்துக்கும் ஓரத்துக்கும். கைப்பிடி வந்து சேரும் இடத்தில் ஒரு சொட்டுப் படக் கூடாது, பசை விட்டுவிடும். படுக்க வைத்தேன். நிறுத்தி வைத்தால் எண்ணெயெல்லாம் அடியில் இறங்கிக் கனத்துவிடும்.

பிறகு சே.யின் கிழிந்த மேசில் (இங்கே சாக்ஸ்) பந்தைப் போட்டு முடிந்து, தட்டல். முதலில் மெதுவாக, போகப் போக ஓங்கி. மரம் பழகட்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து: "டீச்சர், மாவு இடிக்கிறீங்களா? கொழுக்கட்ட வெந்தா நம்மளயும் நெனச்சுக்குங்க."

பிப்ரவரி 10, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

நேற்று இரண்டாவது எண்ணெய். இன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது லிங்கம் வந்து பேட்டை எடுத்துப் போயிருக்கிறார். நல்ல எண்ணம்தானாம். ஃபேக்டரியில் டிரையர் வாசலில், சூடு அடிக்கிற இடத்தில், ஒரு ஷிப்ட் முழுக்க வைத்திருக்கிறார்.

"மேகமா கெடக்கு, எண்ண காயாதுன்னு வச்சேன் டீச்சர். எலைய அப்பிடித்தானே காய வக்கிறோம்."

அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

தேயிலை மனிதனுக்கு உலகத்தில் எல்லாமே கொழுந்து. நான் திட்டினேன். அவர் பெண்சாதி கேட்க, லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கத் திட்டினேன். இன்னும் இரண்டு வார்த்தை பாக்கி வைத்துவிட்டேனோ என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் குல்லாயைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

அதைவிட எரிச்சல், மற்றவர்கள். "மச்சம் இருந்துச்சில்ல, அதான்." மச்சம் மேலே, வெடிப்பு அடியில். ஒருவனுக்குக் காலில் ஆணி குத்தினால் கன்னத்து மச்சத்தின் குற்றமா? விரலை வைத்துக் காட்டினேன். வெடிப்பு மச்சத்தின் திசைக்கே போகவில்லை. யாருக்குக் கேட்க நேரம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

காலையில் தச்சரிடம் வஜ்ஜிரப் பசை. அடுப்பில் உருக்கினால் வீடு முழுக்க நாற்றம், பூசைக்கு அந்த வாசனையோடுதான் போனேன். வெடிப்பில் பசை விட்டு, செருப்புத் தைப்பவர் கொடுத்த மெழுகு நூலால் சுற்றினோம். சே. சுற்ற, நான் பல்லைக் கடித்து இழுக்க. சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் செய்து முடித்த முதல் வேலை.

டீம் கூடியது. மஞ்சூரில் லிங்கத்தின் மச்சான் ஒரு பேட் வைத்திருக்கிறார், இரவல் கேட்போம் என்றார்கள். தலைகள் ஆடின. என் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

லிங்கம் எழுந்தார். "மச்சான் பேட்டு மச்சான்கிட்டயே இருக்கட்டும். கெடுத்தது நானு. இதுலதான் எறங்குவேன்."

திட்டியதில் பாதியை மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 16, வியாழன்

தட்டிப் பார்த்தேன். சத்தம் பழையபடி. நூல் அசையவில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொல்லி இன்றும் வரவில்லை. இஞ்சியும் வாங்கியபாடில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

மேட்ச்.

அரவேணு மைதானம். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறுவதும் இறங்குவதுமாக. நாங்கள் பெண்கள் மேட்டில், தேநீர் கேனோடு. போய் உட்காருமுன்பே எதிர்ப்பக்கமிருந்து ஒரு குரல்: "கப்பல் வந்திருச்சுங்கோ. துடுப்பு கொண்டாந்தீங்களா?" குன்னூர்க் கடைச் சிரிப்பு எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி வந்திருக்கிறது.

முதலில் நம் ஆட்டம். லிங்கம் இறங்கினார். பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குச் சத்தம் போதும். டொக். சுத்தமான டொக். கண்ணைத் திறந்தபோது பந்து தேயிலைச் செடிக்குள், நாலு பேர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியே ஐம்பதைத் தொட்டார். தொட்டதும் பேட்டைத் தூக்கிக் காட்டினார், டீமுக்கு இல்லை, மேட்டுக்கு. எனக்கு. அழுதேன். மறைக்கவில்லை. மீதிப் பாதித் திட்டும் வாபஸ்.

பிறகு அவர்கள் ஆட்டம். கேப்டன் பெள்ளி வந்தார். கையில் பால் வெள்ளை. வயிற்றில் லேபிள். லேபிளின் ஒரு மூலை கிழிந்திருந்தது. என் நகம்.

பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். நன்றாகத்தான் ஆடினார் மனுஷன். நல்ல ஆட்டக்காரருக்குக் கெட்ட மரம், பாவம். நம் ஓட்டக் கணக்கில் பாதி தூரம் வந்தார்கள். அப்போது வேகமாக ஒரு பந்து, லேபிள் மேலேயே. கீழ்ப் பாதி பறந்து போய் விழுந்தது. பெள்ளி கைப்பிடியை வைத்துக்கொண்டு நின்றார். அவர்களிடம் இருந்த இன்னொன்று எதிர்முனைக்காரர் கையில்.

நம்மவர்கள் கை தட்டினார்கள். பெள்ளி சே.யிடம் வந்தார். "ஏனுங்க கேப்டன், ஒரு பேட்டு குடுப்பீங்களா?"

சே. மேட்டைப் பார்த்தார். லிங்கம் ஓடி வந்துவிட்டார். "வேண்டாங்க டீச்சர். செயிக்கப் போறோம்."

போன தடவை அதே இடத்தில் நாம் கை நீட்டி நின்றோம். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். எனக்கோ வேறொரு நப்பாசையும், சொன்னால் என்ன. அந்தப் பேட் நல்ல ஆட்டக்காரர் கையில் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

"குடுங்க" என்றேன். "ஆனா என்னா வேணும்னு சரியாக் கேக்கச் சொல்லுங்க."

சே.க்குப் புரியவில்லை. பெள்ளிக்குப் புரிந்துவிட்டது. தலையைச் சொறிந்தார்.

"துடுப்பு வேணுமுங்க டீச்சர்."

கொடுத்தோம். வாங்கியவர் மச்சத்தைப் பார்த்தார், நூல் கட்டைப் பார்த்தார், ஆடப் போனார். முதல் அடியிலேயே திரும்பித் துடுப்பைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒன்றுக்காக இன்னொரு தடவை விறகு பிளப்பேன்.

தோற்றோம். கடைசி ஓட்டமும் அதில்தான் அடித்தார். ஒரு சுற்று நூல் நகரவில்லை, மச்சம் மச்சமாகவே இருந்தது. இரு பக்கமும் விழுந்த நல்ல அடியெல்லாம் என் துடுப்பில்.

பஸ்ஸில் சே. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் பாடாத குறை.

பிப்ரவரி 20, திங்கள்

வெயில். சே. இன்னும் மௌனம். சாப்பாட்டில் மட்டும் கோபம் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் பெள்ளி. கையில் ஒரு பை உருளைக்கிழங்கு, சொந்தத் தோட்டமாம். சே.யிடம் இழுத்தார்: "சனிக்கெழம குன்னூருக்குப் போறமுங்க, கடைக்கு. உங்க ஊட்டு டீச்சர் கூட வந்தாங்கன்னா..."

நேற்றிலிருந்து சே. வாயில் வந்த முதல் வார்த்தை: "டீச்சர்கிட்டயே நேராக் கேளுங்க."

பெள்ளி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், துடுப்பு ஒண்ணு வாங்கோணும். வர்றீங்களா?"

சிரிப்பு இல்லை. சாதாரணமாகவே கேட்டார்.

"லேபிளக் கிழிப்பேன்" என்றேன்.

"கிழிங்க."

சனி, குன்னூரில் வாங்க: இஞ்சி, துடுப்பு.