தொடையில் ஒரு கட்டி

பொமெட்
4 மார்ச் 2006

அன்புள்ள செலங்கட்,

நான் நலம். நீயும் மகள் செரோனோவும் கெரிச்சோவில் நலம்தானே? நீ வீட்டை விட்டுப் போய் ஒன்பது மாதம். எழுத வெட்கமாக இருந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய் என்று அறுத்து எடுத்த பிறகு, "உகாலிக் களி நல்லா இறங்குது, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று மூன்று பரிசோதனைக்குப் போகாமல் விட்டேன். "இன்னொரு தடவை பக்கத்துல உக்காந்து பாக்க என்னால ஆகாது" என்று நீ பையை எடுத்தாய்.

இப்போது வலது தொடையில் ஒரு கட்டி. அவகாடோ கொட்டை அளவு. மாடு உதைத்திருக்கும் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் எந்த மாடும் உதைக்கவில்லை. வலி இல்லை, ஆறு வாரமாகக் கரையவும் இல்லை. உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

உன்
கிப்ங்கெனோ


கெரிச்சோ
10 மார்ச் 2006

செரோனோவின் அப்பாவுக்கு,

ஒன்பது மாதம் எழுதாத கை, கட்டி வந்ததும் எழுதுகிறதே என்று முதலில் கோபம்தான் வந்தது. படித்து முடித்தபின் அன்று கூடையில் பாதிகூட நிறையவில்லை. "செலங்கட், தேயிலை பறிக்க வந்தியா, தூங்க வந்தியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

மாட்டுக் கதையை டாக்டரிடம் சொல்லாதீர்கள். திங்கட்கிழமையே போங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.

நான் வரமாட்டேன். போனீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

செலங்கட்


பொமெட்
2 ஏப்ரல் 2006

அன்புள்ள செலங்கட்,

போனேன். டாக்டர் அட்டியெனோ ஊசி விட்டுச் சதை எடுத்தார். அதே நோய்தான்.

"வழக்கமா இது நுரையீரலுக்குப் போகும், கல்லீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும். தொடைச் சதைக்கு வந்து நான் பார்த்ததே இல்ல" என்றார்.

"வழி தவறிடுச்சா டாக்டர்?"

"சிரிக்காதீங்க. மூணு பரிசோதனைக்கு நீங்க வரல."

தலை குனிந்துகொண்டேன். பிறகு எல்டோரெட் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். வேறு எங்கேயும் இல்லையாம். அதனால் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார். வரும் வியாழன் அறுவை.

நீ வர வேண்டும் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததைப் படிக்காதே.

கிப்ங்கெனோ


கெரிச்சோ
14 ஏப்ரல் 2006

செரோனோவின் அப்பாவுக்கு,

உங்கள் அறுவைக்கு வந்துவிட்டு நேற்று பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். அடித்ததைத்தான் முதலில் படித்தேன்.

மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்ததும், "நீ எங்க இங்க?" என்றீர்களே, பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். ஒரு வாரம் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேன் என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் நான்கு முறை மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும், வாந்தி வரும். ஒரு முறைகூடத் தவறக் கூடாது. தவறினால் எனக்கு எழுத வேண்டாம்.

செலங்கட்


பொமெட்
18 நவம்பர் 2006

அன்புள்ள செலங்கட்,

நான்கு முறையும் போனேன். முடி கொட்டி மறுபடி முளைத்துவிட்டது. நேற்று மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் அட்டியெனோ வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எங்கயும் ஒண்ணுமில்ல" என்றார்.

திரும்ப வராது என்று சொல்லவில்லை. கேட்டேன், சொல்ல முடியாது என்றார். "மூணு மாசம் கழிச்சு வாங்க."

"ரெண்டு மாசத்துலயே வரட்டுமா?"

அவர் சிரித்துவிட்டார். வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயத்தால் அல்ல. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

உன்
கிப்ங்கெனோ


கெரிச்சோ
25 நவம்பர் 2006

செரோனோவின் அப்பாவுக்கு,

கடிதத்தைச் செரோனோவுக்கும் படித்துக் காட்டினேன். "அப்பாவா இது?" என்கிறாள்.

பள்ளி விடுமுறை விட்டதும் சனிக்கிழமை வருகிறோம். தோட்டத்தில் கணக்கை முடித்துக்கொள்வதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். செரோனோவை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு நானும் வருவேன். டாக்டரிடம் நான்தான் பேசுவேன், நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

உங்கள்
செலங்கட்